தலையெழுத்தா? காரீயமா?

பொங்கல் நெருங்குகிறது. பரணிலே ஓராண்டு உறங்கிய பித்தளைத் தவலை கீழே இறங்குகிறது. பாட்டன் காலத்துத் தவலை, கறுத்துக் கிடக்கிறது. வீட்டுத் தாய் ஒரு பிடி புளியை நனைக்கிறாள். சிறிது உப்பும் செங்கல் தூளும் சேர்த்துத் தேய்க்கிறாள். தேய்த்த இடமெல்லாம் பொன்னிறம்!

மந்திரம் ஓதினாளா? இல்லை. மணி அடித்தாளா? இல்லை. அவள் நடத்தியது வேதியியல்! ஏட்டில் படிக்காத வேதியியல். தாய் சொல்ல மகள் கற்று, கையால் காத்துவந்த வேதியியல்.

பித்தளை என்பது செம்பும் துத்தநாகமும் கலந்த கலவை உலோகம். காற்றிலே இருக்கும் உயிர்வளி, அதாவது ஆக்சிஜன், மேற்பரப்பிலுள்ள செம்போடு சேருகிறது, கருமை படிகிறது. புளியிலே டார்டாரிக் அமிலம் இருக்கிறது. அந்த அமிலம் கருமையைக் கரைக்கிறது. உள்ளே ஒளிந்திருந்த உலோகம் முகம் காட்டுகிறது. அவ்வளவுதான் செய்தி. அக்கிரகாரத்துத் தவலை என்பதற்காக அமிலம் அஞ்சி நிற்பதில்லை; சேரியிலே உள்ள செம்பு என்பதற்காக அருவருத்து விலகுவதுமில்லை. மாந்தர் வகுத்த மேல் கீழ் மாழைகளுக்குத் தெரியாது.

வெள்ளிக் கொலுசு கறுக்கிறது. "கண்ணேறு பட்டுவிட்டது" என்கிறாள் அண்டை வீட்டுப் பாட்டி. படவில்லை, அம்மையே! காற்றிலும் வியர்வையிலும் இருக்கும் கந்தகச் சேர்மங்கள் வெள்ளியோடு கூடின. வெள்ளி சல்பைடு என்னும் கரும்பொருள் உண்டாயிற்று. கொலுசை அணியாமல் பெட்டியிலே பூட்டி வைத்தாலும் அது கறுக்கத்தான் செய்யும். பூட்டிய பெட்டிக்குள் எந்தக் கண் நுழைந்து பார்த்தது?

இவ்வளவும் எளிய செய்திகள். எவருக்கும் தீங்கில்லாத செய்திகள். ஆனால், தோழர்களே, அடுப்பங்கரையின் வேதியியல் எப்போதும் இப்படி இன்முகம் காட்டுவதில்லை. உயிரைக் குடித்த கதையும் அதற்குள் உண்டு. அந்தக் கதையைத்தான் இங்கே எடுத்துரைக்க விழைகிறேன்.

தவலையைத் துலக்கிய அதே புளி, குழம்பாகிப் பித்தளைப் பாத்திரத்துக்குள் இரவு முழுதும் கிடந்தால் என்ன ஆகும்? வெளியே செய்த வேலையையே உள்ளேயும் செய்யும். செம்பைக் கரைக்கும். குழம்பிலே களிம்பு ஏறும். உண்டவருக்குக் குமட்டலும் வாந்தியும் வரும். புளிக்கு நன்மை செய்யும் எண்ணமும் இல்லை. தீமை செய்யும் எண்ணமும் இல்லை. அமிலம் உலோகத்தைக் கண்டால் கரைக்கும். எங்கே கரைக்கவிடுவது, எங்கே தடுப்பது என்று தெரிந்துகொள்வதுதான் அறிவு.

தடுக்கும் வழியையும் நம் மக்கள் கண்டறிந்திருந்தார்கள். தெருவோரத்திலே குழி தோண்டி, கரி கொட்டி, துருத்தி ஊதி, பாத்திரத்துக்கு ஈயம் பூசும் தொழிலாளியைக் கண்டிருப்பீர்கள். இளைஞர்களிலே பலர் கண்டிருக்கமாட்டீர்கள். எவர்சில்வர் வந்தபின் அவர் மறைந்துகொண்டே வருகிறார். பாத்திரத்தைச் சூடேற்றுவார். நவச்சாரத்தைத் தூவுவார். வெண்புகை எழும். ஈயத்துண்டைத் தொட்டு இழுப்பார். அது உருகி ஓடும். துணியால் ஒரு சுற்றுச் சுற்றுவார். மஞ்சள் நிறத்துப் பாத்திரத்தின் உட்புறம் நிலவொளிபோல் வெளுத்துவிடும்.

அந்த வெண்புகையில்தான் சூட்சுமம் இருக்கிறது. நவச்சாரம் என்பது அம்மோனியம் குளோரைடு. சூடு பட்டதும் அது அம்மோனியாவாகவும் ஹைட்ரஜன் குளோரைடாகவும் பிரிகிறது. பின்னது செம்பின் மேல் படிந்த ஆக்சைடை அகற்றித் தூய்மையாக்குகிறது. தூய்மையான செம்பின் மேல்தான் ஈயம் பற்றும். செம்பு உருகுவதற்கு 1085 பாகை செல்சியசு வெப்பம் வேண்டும்; ஈயத்துக்கு 232 பாகையே போதும். ஆகவே பாத்திரம் உருகாமல் பூச்சு மட்டும் உருகுகிறது. இத்தனையும் அறிந்த கை, கரி படிந்த கை! அந்தக் கைக்குரியவரைத் திண்ணையில் ஏற்றாமல் தெருவிலே உட்கார வைத்தது நம் சமுதாயம். உழைக்காமல் உண்டவனைக் கும்பிட்டு, உணவில் நஞ்சேறாமல் காத்தவனுக்குக் கூலியையும் பேரம் பேசிக் கொடுத்தது!

இங்கே ஓர் ஐயம் எழவேண்டும். "ஈயம்" என்று சொன்னேனே, எந்த ஈயம்?

தமிழில் ஈயம் இரண்டு. ஒன்று வெள்ளீயம், மற்றொன்று காரீயம். இரண்டும் வெவ்வேறு தனிமங்கள். அண்ணன் தம்பியும் அல்ல, பங்காளியும் அல்ல. வெள்ளீயம் இலேசானது, நீரைப்போல் ஏழு மடங்கு எடை. காரீயம் பதினொரு மடங்கு எடை. வெள்ளீயம் 232 பாகையில் உருகும். காரீயம் 327 பாகையில் உருகும். வெள்ளீயம் விலை மிகுந்தது. காரீயம் விலை குறைந்தது. எல்லாவற்றுக்கும் மேலாக, வெள்ளீயம் பாத்திரத்துக்குப் பாதுகாப்பு. காரீயம் குருதிக்கு நஞ்சு.

பூச்சுக்கு உரியது வெள்ளீயம். இரசம் வைக்கும் ஈயச்சொம்புக்கு உரியதும் வெள்ளீயமே. வெறுஞ்சொம்பை அடுப்பில் வைத்தால் உருகிவிடும் என்று மருமகளுக்கு மாமியார் எச்சரிக்கிறாளே, அது பொய்யல்ல. உள்ளே நீர் இருக்கும்வரை வெப்பம் நூறு பாகையைத் தாண்டாது. நீர் வற்றினால் சொம்பும் வற்றும்! ஆனால் அந்த மாமியாரும் கேட்க மறந்த கேள்வி ஒன்று உண்டு: விற்றவன் வெள்ளீயத்தோடு காரீயத்தைக் கலந்தானா? முன்னோர் அடைமொழி கொடுத்துப் பிரித்து வைத்தார்கள். நாம் அடைமொழியை உதறிவிட்டு வெறும் "ஈயம்" என்றோம். சொல்லிலே ஏற்பட்ட சோம்பல் சோற்றிலே நஞ்சாகலாம்.

காரீயம் செய்யும் கேட்டை உலகம் எப்படிக் கண்டுகொண்டது? கண்டபின்னும் ஏன் காலங்கடத்தியது? இதை அறிய நம் அடுப்பங்கரையை விட்டு ஐரோப்பாவுக்குச் செல்லவேண்டும். அங்கே புளிக்குப் பதிலாகத் திராட்சையும் ஆப்பிளும் வரும், கதை ஒன்றே.

ரோமாபுரியிலே திராட்சைச் சாற்றைக் காய்ச்சிப் பாகாக்குவார்கள். அந்தப் பாகை மதுவிலும் உணவிலும் சேர்ப்பார்கள். எந்தப் பாத்திரத்தில் காய்ச்சுவது? செம்பு கலந்த பாத்திரம் களிம்பு கக்கும், காரீயப் பாத்திரமே மேல் என்று எழுதி வைத்தார் கொலுமெல்லா என்னும் வேளாண் நூலாசிரியர். களிம்புக்கு அஞ்சிக் காரீயத்திடம் அடைக்கலம் புகுந்தார்கள். குமட்டலுக்கு அஞ்சிக் கொடு நஞ்சை வரவேற்றார்கள்! திராட்சையின் புளிப்பு காரீயத்தைக் கரைத்தது. காடியோடு சேர்ந்த காரீயம் இனிக்கும். "ஈயச் சர்க்கரை" என்றே அதற்குப் பெயர். களிம்பு நாவிலே கசந்து எச்சரிக்கும். காரீயமோ இனித்து ஏமாற்றும்.

அந்நாளில் உண்மை தெரிந்தவரே இல்லையா? இருந்தார்கள். கி.மு. முதல் நூற்றாண்டிலேயே விட்ருவியஸ் என்னும் கட்டடக் கலைஞர், காரீயக் குழாய் நீரைவிட மண்குழாய் நீரே உடலுக்கு நல்லது என்று எழுதினார். காரணமும் காட்டினார்: காரீயத் தொழிலாளரின் வெளிறிய முகத்தைப் பாருங்கள் என்றார். உழைப்பவன் முகத்திலே உண்மை எழுதியிருந்தது, ஆள்பவர் படிக்கவில்லை. ரோமப் பேரரசு வீழ்ந்ததே காரீயத்தால்தான் என்று சிலர் பேசுவதுண்டு. அதை வரலாற்றாசிரியர்கள் ஒப்புக்கொள்வதில்லை, நாமும் ஒப்பவேண்டியதில்லை. பகுத்தறிவாளன் தனக்கு வாய்ப்பான கதை என்பதற்காகச் சான்றில்லாத கதையைச் சுமக்கக்கூடாது.

காலம் உருண்டது. 1690-களிலே செருமனியின் உல்ம் நகரம். அங்கே மடாலயங்களுக்கு மருத்துவராக இருந்தவர் எபர்ஹார்ட் கோக்கெல். மடத்துத் துறவிகள் கொடிய வயிற்றுவலியால் துடித்தார்கள். கோக்கெல் ஒரு வேற்றுமையைக் கண்டார்: மது அருந்தாத துறவிகளுக்கு வலி இல்லை! அனைவரும் ஒரே கூரையின் கீழ் வாழ்ந்தவர்கள். ஒரே இறைவனைத் தொழுதவர்கள். தொழுகை பிரித்துக் காட்டவில்லை. கோப்பை பிரித்துக் காட்டியது. அவர் மது வணிகரிடம் சென்று விசாரித்தார். புளித்த மதுவை இனிப்பாக்கக் காரீயத்தின் ஆக்சைடான மிருதாரசிங்கியைக் கலப்பது வெளிப்பட்டது. 1696-இல் வூர்ட்டம்பெர்க் கோமகன் அந்தக் கலப்படத்தைத் தடை செய்தார். மீறினால் மரண தண்டனை என்றார். 1697-இல் கோக்கெல் தம் ஆய்வை நூலாக்கி வெளியிட்டார்.

வெளியிட்டும் என்ன? எழுபது ஆண்டுக்குப் பின்னரும், இங்கிலாந்தின் டெவன் மாவட்டத்திலே மக்கள் அதே வலியால் சுருண்டார்கள். டெவன் ஆப்பிள் விளையும் நாடு. ஆப்பிள் சாற்றைப் புளிக்கவைத்துச் சைடர் என்னும் பானம் செய்வார்கள். உழவனும் கூலியும் அதைப் பருகுவார்கள். இலையுதிர் காலம் வந்தால் வலியும் வந்தது. குடலை முறுக்கும் வலி. பின்னர்க் கை விழுந்துபோகும் முடக்கம். "டெவன்ஷயர் வயிற்றுவலி" என்று ஊர்ப்பெயரையே நோய்க்குச் சூட்டினார்கள். ஆப்பிளின் புளிப்புத்தான் காரணம் என்று கற்றறிந்த மருத்துவரே எழுதினார்கள். அந்த மண்ணுக்கு அது வாய்த்த வினை என்பதுபோல் மக்கள் அடங்கிக் கிடந்தார்கள்.

ஜார்ஜ் பேக்கர் அடங்கவில்லை. அவர் டெவனிலே பிறந்தவர், பாதிரியாரின் மகன், இலண்டனிலே மருத்துவர். அவர் கேட்ட கேள்வி எளியது: ஆப்பிளின் புளிப்பே காரணமென்றால், ஹியர்ஃபோர்டிலும் ஆப்பிள் புளிக்கிறதே, அங்கே ஏன் இந்த நோய் இல்லை?

இந்த ஒரு கேள்வி போதாதா? இரண்டு ஊரையும் ஒப்பிட்டார். ஹியர்ஃபோர்டின் சைடர் ஆலைகளில் காரீயம் இல்லை. டெவனின் ஆலைகளிலோ கற்களை இணைத்த இடுக்குகளில் காரீயம் வார்த்திருந்தார்கள். பிழியும் தொட்டிகளுக்குக் காரீயத் தகடு அடித்திருந்தார்கள். ஊகத்தோடு அவர் நின்றாரா? இல்லை. இரண்டு ஊர்ச் சைடரையும் எடுத்தார். கந்தகச் சேர்மம் கரைந்த நீரைச் சேர்த்தார். டெவன் சைடர் கறுத்தது. ஹியர்ஃபோர்டு சைடர் கறுக்கவில்லை. கொலுசைக் கறுக்கவைத்த அதே கந்தகம்தான், காரீயத்தைக் கண்டதும் கருநிறம் காட்டிக் குற்றவாளியைப் பிடித்துக் கொடுத்தது! டெவன் சைடரிலிருந்து காரீயத்தையே பிரித்தெடுத்தும் காட்டினார். 1767-இல் இலண்டன் மருத்துவர் கல்லூரியிலே தம் ஆய்வைப் படித்தார்.

டெவன் மக்கள் அவருக்கு மாலை சூட்டியிருக்கவேண்டும் அல்லவா? நடந்தது வேறு. சைடர் வணிகம் கெட்டுவிடும் என்ற கூக்குரல் எழுந்தது. பிளிமத் நகரத்து அறுவை மருத்துவர் மறுப்பு எழுதினார். 1769-இல் தாமஸ் ஆல்காக் என்னும் பாதிரியார், காரீயம் காரணமல்ல என்று சாதித்துத் தனி நூலே போட்டார். மக்களின் வயிறு எரிந்தபோது வாய் திறவாதவர்கள், வணிகத்தின் வயிறு எரிந்தபோது பேனா எடுத்தார்கள்!

ஆனால் உண்மைக்கு ஒரு வலிமை உண்டு. மறுத்தவரின் தொட்டியிலும் அது கறுத்துக் காட்டும். மெல்ல மெல்ல ஆலைகளிலிருந்து காரீயம் அகற்றப்பட்டது. காரீயம் போயிற்று, நோயும் போயிற்று. ஆப்பிள் மாறவில்லை, மண் மாறவில்லை, மக்களின் "வினை" மாறவில்லை. மாறியது தொட்டி ஒன்றே!

பேக்கருக்குச் செய்தி தந்து உதவியவர்களில் ஒருவர் அமெரிக்கரான பெஞ்சமின் பிராங்க்ளின். மாசசூசெட்சு மாநிலத்திலே 1723-ஆம் ஆண்டே, சாராயம் வடிக்கும் கலங்களில் காரீயக் குழாய் கூடாது என்று சட்டம் இருந்தது. அச்சுத் தொழிலாளியாக வாழ்வைத் தொடங்கிய பிராங்க்ளின், காரீய எழுத்துகளைச் சூடேற்றிக் கோத்தவர்களின் கைகள் முடங்கியதைப் பற்றிக் கேட்டறிந்தவர். 1786-இல் நண்பருக்கு எழுதிய மடலிலே இவற்றையெல்லாம் தொகுத்துரைத்து, பயனுள்ள ஓர் உண்மை மக்களிடையே இடம்பெற எத்தனை காலம் பிடிக்கிறது என்று வருந்தினார்.

அவர் வருத்தம் இன்றும் தீரவில்லை. 1921-இல் அமெரிக்கர்கள் பெட்ரோலிலே காரீயச் சேர்மத்தைக் கலக்கக் கண்டுபிடித்தார்கள். 1924-இல் அதைத் தயாரித்த தொழிலாளர் சிலர் சித்தம் கலங்கி மாண்டார்கள். ஆயினும் அது உலகெங்கும் விற்பனையாயிற்று. தெருப்புழுதியிலும் வீட்டுத் திண்ணையிலும் படிந்தது. இந்தியா 2000-ஆம் ஆண்டில் அதைக் கைவிட்டது. உலகிலே கடைசியாக அல்சீரியா 2021-இல் நிறுத்தியது. விட்ருவியசுக்குத் தெரிந்தது உலகம் முழுமைக்கும் உறைக்க இரண்டாயிரம் ஆண்டு!

பெட்ரோலிலிருந்து போனது, வீட்டிலிருந்து போயிற்றா? பழைய மின்கலங்களைக் குடியிருப்புகளுக்கிடையே உடைத்து உருக்குகிறார்கள். புகை தொட்டில்வரை வருகிறது. உலோகக் கழிவை உருக்கி வார்த்த மலிவான அலுமினியப் பாத்திரங்களில் காரீயம் கலந்திருப்பதை ஆய்வுகள் காட்டியுள்ளன. மஞ்சள் கிழங்குக்கு மினுமினுப்பேற்றக் காரீய குரோமேட்டைப் பூசிய கொடுமையும் தெற்காசியாவில் வெளிப்பட்டது. யூனிசெஃப் நிறுவனம் 2020-இல் வெளியிட்ட அறிக்கையின் மதிப்பீட்டைக் கேளுங்கள்: உலகக் குழந்தைகளில் மூவரில் ஒருவரின் குருதியில், ஒரு டெசிலிட்டருக்கு 5 மைக்ரோகிராமுக்குக் குறையாத காரீயம் இருக்கிறது. ஏறத்தாழ 80 கோடிக் குழந்தைகள்! தீங்கற்ற அளவென்று காரீயத்துக்கு எதுவும் இல்லை என்பது உலக நலவாழ்வு நிறுவனத்தின் முடிவு.

பெரியவர் வயிற்றை அது முறுக்கியது. குழந்தையின் மூளையையோ ஓசையின்றி அரிக்கிறது. நினைவாற்றல் குன்றும், கவனம் சிதறும், படிப்பு ஏறாது. வலி இல்லை, வடு இல்லை. ஆகவே எவரும் ஐயுறுவதில்லை. ஆசிரியர் "மக்கு" என்கிறார். அண்டை வீட்டார் "பரம்பரை அப்படி" என்கிறார். பெற்றவள் நெற்றியில் அடித்துக்கொண்டு "தலையெழுத்து" என்கிறாள்.

இன்னொரு கொடுமையும் உண்டு. வெறும் வயிறு காரீயத்தை மிகுதியாக உறிஞ்சும். இரும்புச் சத்தும் சுண்ணாம்புச் சத்தும் குறைந்த குழந்தையின் குடல் இன்னும் மிகுதியாக உறிஞ்சும். அதாவது, ஒரே நஞ்சு இருவர் முன்னே வைக்கப்பட்டாலும் பசித்த பிள்ளைக்கே பெரும்பங்கு! உலோகம் மேல் கீழ் பார்ப்பதில்லை என்று தொடக்கத்தில் சொன்னேன். உண்மைதான், உலோகம் பார்ப்பதில்லை. ஆனால் வறுமையை வகுத்து வைத்த சமுதாயம் பார்க்கிறது. உருக்கு உலையை ஏழையின் குடிசைக்குப் பக்கத்திலே வைப்பது உலோகமல்ல, மனிதன்.

மனிதன் வைத்ததை மனிதன் அகற்ற முடியும். அண்டை நாடான வங்காளதேசத்தைப் பாருங்கள். 2019-இல் சோதித்த சந்தை மஞ்சளில் 47 விழுக்காட்டில் காரீயம் இருந்தது. ஆய்வாளர்கள் உண்மையை ஊரறியச் செய்தார்கள். அரசு சந்தையிலே சோதனை நடத்தித் தண்டம் விதித்தது. செய்தித்தாள்கள் முழங்கின. 2021-இல் சோதித்தபோது காரீயம் கண்ட மாதிரி ஒன்றுகூட இல்லை! பரிகாரம் செய்யவில்லை, யாகம் வளர்க்கவில்லை. கேள்வி கேட்டார்கள், சோதித்தார்கள், தடுத்தார்கள். பேக்கர் சென்ற பாதை அதுவே.

எனவே, தோழர்களே, உங்கள் வீட்டு அடுப்பங்கரையிலிருந்தே தொடங்குங்கள். ஈயச்சொம்பு வாங்குகிறீர்களா? எந்த ஈயம் என்று கேளுங்கள். ஆய்வகச் சான்று கேளுங்கள். கண்ணால் பார்த்துக் கலப்படத்தைக் காண முடியாது என்பதை மறவாதீர்கள். இன்னதென்று தெரியாத உலோகத்தில் புளிப்பான எதையும் சமைக்காதீர்கள், சேமித்தும் வைக்காதீர்கள். மின்கலம் உருக்கும் உலை ஊருக்குள் இருந்தால் ஊரைத் திரட்டி அகற்றுங்கள். அந்த உலை அருகே வளரும் பிள்ளைக்குப் படிப்பு ஏறவில்லையென்றால் சோதிடனிடம் தூக்கிச் செல்லாதீர்கள். மருத்துவரிடம் சென்று குருதியைச் சோதிக்கச் சொல்லுங்கள். பள்ளிப் பிள்ளைக்கு வயிறார உணவு கிடைக்கிறதா என்று பாருங்கள். அந்த உணவும் நஞ்சுக்கு ஓர் அரண்.

பொங்கல் தவலையைத் துலக்கும்போது அந்தத் தாய் தவலையின் விதி கறுப்பு என்று எண்ணிக் கைகட்டி நிற்கவில்லை. கறையென்று கண்டாள், கரைக்கும் வழி தெரிந்து தேய்த்தாள். தவலைக்குக் காட்டிய அந்த அறிவைத் தான் பெற்ற பிள்ளைக்கும் அவள் காட்டட்டும். குழந்தையின் தலையில் எழுதுவது பிரமன் அல்ல. அடுப்பிலும் அங்காடியிலும் உலைப்புகையிலும் ஒளிந்திருக்கும் காரீயம் எழுதுகிறது. பிரமன் எழுதியதென்றால் அழிக்க முடியாது என்பார்கள். காரீயம் எழுதுவதை எழுதுமுன்னே தடுக்கலாம்!